பிடிவாதக் கட்டணம்

மனித குலம் இதுவரை செய்த கொடுமைகளிலேயே தலையாயது, அடிக்கிற போனை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான். போர், பஞ்சம், கொள்ளைநோய் எல்லாம் அதற்குப் பிந்திய வரிசையில் வருபவை. போரில்கூட எதிரி பதிலுக்குச் சுடுகிறான். அது ஒரு குறைந்தபட்ச மரியாதை. போனை எடுக்காதவனிடம் அந்த மரியாதையும் கிடையாது.

அலைமதி நிறுவனத்தின் சரவணம்பட்டி அலுவலகத்தில், மேலிடத்துப் பெரியவர்கள் கூடியிருந்த அறையில், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் மகுடபதி இதைச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. அப்போது நிறுவனம் சிரிக்கும் நிலையில் இல்லை.

நிலைமை அப்படி. போட்டி போட்டுப் போட்டு நாட்டிலுள்ள எல்லா செல்போன் நிறுவனங்களும் முதலில் பேச்சை இலவசமாக்கின. பிறகு படம் பார்ப்பதை இலவசமாக்கின. அதன்பிறகு ஒரு நிறுவனம், புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் தேங்காயெண்ணெய் டின் கொடுக்க ஆரம்பித்தது. விற்பதற்கு யாரிடமும் ஒன்றும் மிச்சமில்லை.

"ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு," என்றார் பார்கவி. கட்டண விதிகளை எழுதும் பிரிவுக்குத் தலைவர், மகுடபதிக்கு மேலதிகாரி. "நாம பேசறது ஒரு பக்கம் இருக்கட்டும். அதுக்கு முன்னாடி போனும் டவரும் தங்களுக்குள்ள பேசிக்குது. 'நான் இங்க இருக்கேன்', 'அந்த ஆள் எங்க இருக்காரு', 'மணி அடிக்கட்டுமா', 'அடி'. கட்டுப்பாட்டுப் போக்குவரத்துன்னு பேரு. ராப்பகலா ஓடுது. அதுக்கு மட்டும் நாம யார்கிட்டயும் காசு வாங்கறதில்ல."

நிதித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புரியவில்லை என்பதை அவர் அப்படித்தான் தெரிவிப்பார்.

"எங்கப்பா கண்டக்டரா இருந்தவருங்க சார்," என்றான் மகுடபதி. "பஸ்ஸுல போறது பேச்சுன்னு வெச்சுக்கங்க. விசில் ஊதறது கட்டுப்பாடு. ஊதினாத்தான் வண்டி நிக்கும், ஊதினாத்தான் கிளம்பும். டிக்கெட்டு இலவசம் ஆயிருச்சு. இனிமே விசிலுக்குத்தான் காசு."

"பேஷ். யார்கிட்ட வாங்கறது? போன் பண்றவன்கிட்டயா?"

"அப்படிப் பண்ணினா அவன் போன் பண்றதையே விட்டுருவானுங்க. எடுத்துப் பேசிட்டா விசில் வீண் இல்ல, அதுக்குக் காசு வேண்டாம். டவர் தேடுச்சு, மணி அடிச்சுது, அந்த ஆள் பாத்தான், எடுக்கல. உழைப்பு யாரால வீணாச்சு?"

நிதித் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எடுக்காதவன் கட்டணும்," என்றார், சாமி வந்தவர் போல.

"ஸ்விட்ச் ஆஃப் பண்ணி வெச்சுட்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அப்ப டவர் இன்னும் அதிகமாத் தேடணும். தேடறதும் உழைப்புதானுங்க."

'எடுத்துப் பேசு' என்று திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரே அமர்வில் ஒப்புதல் தந்தது. உறவுகள் வலுப்படும் என்று அதன் குறிப்பில் இருந்தது.

மகுடபதிக்கு நிறுவனத்தின் மேல் இவ்வளவு பாசம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பாசம் ஒரு மண்ணும் இல்லை. அவனுக்கு வேண்டியது ஒரே ஓர் ஆள். அந்த ஓர் ஆளைப் பிடிப்பதற்காக நாடு முழுக்க வலை விரித்தான்.

அந்த ஆள் அவனுடைய தாய்மாமன் நஞ்சப்பன். கணபதிப் பகுதியில் மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர், அலைமதி வாடிக்கையாளர். மகுடபதிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்கும் மாமாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்று கேட்டால் அம்மா, "அது கெடக்குது போ," என்பாள். கேட்பதை அவன் எப்போதோ நிறுத்திவிட்டான்.

போன மாசியில் அம்மாவுக்கு இதயத்தில் அறுவை. தியேட்டருக்குக் கொண்டுபோகக் காத்திருந்த நேரத்தில், அம்மா தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து, தம்பிக்குப் போட்டாள். பக்கத்தில் நின்ற மகுடபதிக்கும் கேட்டது. மறுமுனையில் பாட்டுக்குப் பதில் மாமாவே கரகரத்த குரலில் பேசி வைத்திருந்த விளம்பரம். 'வணக்கமுங்க. நஞ்சப்பன் மோட்டார் ஒர்க்ஸுங்க. எந்த மோட்டாரா இருந்தாலும் கொண்டாங்க...' அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மாமா எடுக்கவில்லை. விளம்பரம் ஓடிக்கொண்டே இருந்தது. சாகக் கிடக்கிற அக்கா கூப்பிடுகிறாள், இந்த ஆள் மோட்டார் விற்கிறான். மகுடபதிக்கு உச்சியில் ஏறியது. போனைப் பிடுங்கி, மணி ஓயும் முன்பே அழைப்பைத் துண்டித்தான்.

"உடுங்கம்மா அந்த ஆள."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. போனவள் திரும்பவில்லை.

சாவுக்கு மாமா வந்தார். பிறந்த வீட்டுக் கோடித் துணியைப் போர்த்தினார். யாரிடமும் ஒரு சொல் பேசாமல், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த முதுகைப் பார்த்தபடிதான் மகுடபதி முடிவு செய்தான். இந்த ஆள் வாழ்நாளெல்லாம் போனை எடுக்க வேண்டும். எடுக்காத ஒவ்வொரு முறையும் அழ வேண்டும்.

விதி அமலுக்கு வந்ததும் நாட்டின் பழக்கவழக்கங்கள் சீர்பட்டன. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்தில், தாலியைக் கையில் வாங்கிய மாப்பிள்ளை இன்னொரு கையால் போனை எடுத்து, "கிரெடிட் கார்டு இப்ப வேண்டாங்க," என்று சொல்லிவிட்டுத்தான் முடிச்சுப் போட்டார். கெட்டிமேளக்காரரும் அப்போது போனில் இருந்ததால் நேரம் சரியாக இருந்தது. ஆஸ்பத்திரிகளில் டாக்டரின் காதில் போனைப் பிடிப்பதற்கென்றே ஒரு நர்ஸ் நியமிக்கப்பட்டார். அர்ச்சகர்கள் தீபாராதனைக்கு நடுவில் பிளாட் விற்பவர்களோடு பேசினார்கள். மக்கள் பிரதிநிதிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அவர்கள் எடுக்காமல் போவதை யாரும் வீண் என்று கருதுவதில்லை என்று விதியிலேயே காரணம் எழுதியிருந்தான் மகுடபதி.

எல்லாவற்றிலும் அவனுக்குத் தித்தித்தது தோட்டத்துச் சமாசாரம். கிணற்று மோட்டாருக்கு ஒரு சிம் போட்டு வைத்திருப்பார்கள். வீட்டிலிருந்து கூப்பிட்டால், மணி அடித்த மாத்திரத்தில் மோட்டார் ஓடும். மறுபடி கூப்பிட்டால் நிற்கும். மோட்டார் போனை எடுத்து 'சொல்லுங்க' என்று சொல்லாது. ஆகவே விதிப்படி ஒவ்வொரு மோட்டாரும் குற்றவாளி. விவசாயிகள் அந்தக் கருவியைக் கழற்றிக் கடையில் வீசிவிட்டு வரப்பில் நடக்கத் தொடங்கினார்கள். அந்தக் கருவியை ஊர் ஊராகப் பொருத்திக் கொடுத்தவர்களில் நஞ்சப்பனும் ஒருவர்.

மகுடபதி அன்று கேன்டீனில் இரண்டாவது ஜிலேபி கேட்டு வாங்கினான்.

தினமும் டீக்கு எழுந்ததும் மாமா நம்பரைப் போடுவான். 'வணக்கமுங்க, நஞ்சப்பன் மோட்டார் ஒர்க்ஸுங்க.' அடித்து ஓயும். மாமா எடுக்க மாட்டார். கட்டணம் ஏறும். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி போடுவான். மாமா ஒருமுறைகூட எடுக்கவில்லை. கட்டணம் ஏறுகிறதே என்கிற பதற்றம்கூட அந்த மனிதரிடம் இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

இதற்கிடையில் பார்கவி கூட்டங்களிலிருந்து அடிக்கடி எழுந்து வெளியே போய்வந்தார். ஒரு நாள் வராந்தாவில் மகுடபதி எதிர்ப்பட்டான். போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார். உள்ளே ஓர் ஆண் குரல் கத்திக்கொண்டிருந்தது. அது கத்தி முடித்து வைத்தபின் பார்கவி சொன்னார்:

"முன்னாள் வீட்டுக்காரர்."

"எதுக்குங்க மேடம் எடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, மகுடபதி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நல்லாக் கேட்டீங்க. கோர்ட்டு குடுத்தது காகிதம், மகுடபதி. அவரு போனை நான் எடுக்காம இருந்தேன் பாருங்க, அதுதான் எனக்குக் கெடச்ச நிஜமான விவாகரத்து. அதை நீங்க ரத்து பண்ணிட்டீங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவ போடறாருன்னு அவருக்கே தெரியாது. எடுக்கலன்னா சம்பளத்துல பாதி உங்க விதிக்குப் போயிரும்."

"உங்க நம்பரை விலக்குல போட்டுடறனுங்க. யாருக்கும் தெரியாது."

"எனக்குப் போட்டுருவீங்க. என்னை மாதிரி இருக்கறவங்க எல்லாரும் உங்க பக்கத்து சீட்டுலயா உக்காந்திருக்காங்க?" பார்கவி போனைப் பைக்குள் போட்டார். "யாரு அது?"

"எதுங்க மேடம்?"

"யாரோ ஒரு ஆளைப் பிடிக்கத்தான் இதை எழுதியிருக்கீங்க. இத்தனை வருஷம் விதி படிக்கறேன். இது ஒரு ஆளுக்கு வெச்ச பொறி. நாங்கள்லாம் வழியில அகப்பட்டவங்க."

மகுடபதி தன் சீட்டுப் பக்கம் திரும்பினான். அவருடைய முகத்தைப் பார்க்கவே கஷ்டமாகத்தான் இருந்தது. விதியைத் தளர்த்தலாமா என்றுகூடத் தோன்றியது. சீட்டுக்குப் போய், பழக்கத்தில் மாமா நம்பரைப் போட்டான். அடித்து ஓய்ந்தது. தளர்த்துகிற எண்ணமும் அதோடு ஓய்ந்தது.

அன்றைக்கே அவன் விதியில் ஓர் உட்பிரிவு சேர்த்தான். ஒரே ஆள் விடாமல் கூப்பிட்டும் விடாமல் எடுக்காதிருப்பவர்களுக்குக் கட்டணம் படிப்படியாக எகிறும். பெயர், பிடிவாதக் கட்டணம். அவர்களுக்குப் போக வேண்டிய குறுஞ்செய்தியையும் தன் கையாலேயே எழுதினான். 'நீங்கள் பிடிவாதக்காரர் என வகைப்படுத்தப்பட்டுள்ளீர்கள். உங்களை ஒருவர் விடாமல் அழைக்கிறார். நீங்கள் கல் போல் இருக்கிறீர்கள். உங்கள் மனசாட்சியைத் தொட்டுப் பார்க்கவும்.' சட்டப் பிரிவு, மனசாட்சியை மட்டும் எடுத்துவிட்டு, 'அருகிலுள்ள சேவை மையத்தை அணுகவும்' என்று மாற்றித் தந்தது.

மாமா இதைப் படிக்கும்போது முகம் எப்படிப் போகும் என்று கற்பனை செய்தபடி அன்று வீட்டுக்கு வந்தான். அப்பா காளியண்ணன் முன்னறையில் காத்திருந்தார். கையில் அம்மாவின் போன். கேஸ் சிலிண்டர், கரண்டு, ரேஷன் எல்லாம் அந்த நம்பரில்தான் இருந்ததால் அதை நிறுத்தாமல் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்கள்.

"மகுடு, என்னமோ வந்திருக்குது. கண்ணாடிய எங்கியோ வெச்சுப்போட்டேன். சிலிண்டர் வருதான்னு பாரு சாமி."

மகுடபதி வாங்கிப் படித்தான்.

'பாவாத்தாள் அவர்களே, நீங்கள் பிடிவாதக்காரர் என வகைப்படுத்தப்பட்டுள்ளீர்கள். உங்களை ஒருவர் விடாமல் அழைக்கிறார். நீங்கள் கல் போல் இருக்கிறீர்கள்.'

"நாளைக்கு வருதாமா?"

"சிலிண்டர் இல்லீங்கப்பா."

"அப்புறம்?"

"அம்மா... போனை எடுக்கறதில்லைன்னு சொல்லுதுங்க."

அப்பா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஆமா. அவ எங்க எடுக்கறது," என்றார்.

"யாருங்கப்பா அம்மாவக் கூப்பிடறது?"

"உன்ற மாமன்தான். வேற யாரு இருக்கறா. தெனமும் வெளக்கு வெக்கற நேரத்துக்கு அடிப்பான். முழுசா அடிச்சு ஓயும். அதைக் கேட்டுப்போட்டுத்தான் நான் வெளக்கப் பொருத்தறது."

"அம்மா போனதுக்கு அப்புறமுமா?"

"அப்புறமும்தான்."

"நீங்க எடுத்து என்னன்னு கேக்கறதில்லையா?"

"எனக்கா அடிக்கறான்? அவளுக்கு அடிக்கறான். நான் எதுக்கு எடுக்கோணும்?"

மகுடபதிக்குக் கோபம் பற்றிக்கொண்டது. உயிரோடு இருந்தபோது எடுக்காத மனிதன், செத்தவளுக்குப் போன் போட்டு நாடகம் ஆடுகிறான். அந்த நாடகத்துக்கு அம்மா பெயரில் தண்டனை வருகிறது. எழுதியது தன் கை என்பது அந்தக் கோபத்தில் எண்ணெய் மாதிரி விழுந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு, கேட்க வேண்டியதையெல்லாம் பைக்கில் போகும்போதே சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு கணபதிக்குப் போனான்.

பட்டறையில் செம்புக் கம்பியும் வார்னிஷ் நாற்றமுமாக இருந்தது. வாசலில் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த கருவிகள் ஒரு மூட்டையாகக் கிடந்தன. நஞ்சப்பன் ஒரு மோட்டாரின் வயிற்றுக்குள் காயில் இறக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வா மாப்ள. அந்த ஸ்டூல்ல வார்னிஷ் கொட்டியிருக்குது, அதுல உக்காராத."

பைக்கில் தயார் செய்த முதல் வாக்கியம் மகுடபதிக்கு மறந்துபோனது. இரண்டாவதைச் சொன்னான்.

"இருக்கறப்ப ஒரு தடவ எடுத்தீங்களா? இப்ப எதுக்கு அடிச்சு நடிக்கறீங்க?"

"இருக்கறப்பவும் எடுத்ததில்ல," என்றார் மாமா. "அவளும்தான் எடுத்ததில்ல."

"என்னது?"

"உங்கம்மா சொல்லலியா? சொல்ல மாட்டா. அழுத்தக்காரி." கம்பியைப் பல்லால் பிடித்து இழுத்துவிட்டுப் பேசினார். "உனக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியிலதான உக்கார வெக்கோணும். நான் வர்ற பஸ்ஸு அன்னூருகிட்ட நின்னுபோச்சு. உங்கப்பன் டிப்போ பஸ்ஸுதான். நேரம் போகுதுன்னு உங்கப்பன் பங்காளி ஒருத்தன் மடியில வெச்சுக் குத்திப்போட்டாங்க. நான் சீரோட வந்து நிக்கறேன், நீ காதுல ரத்தத்தோட அழுதுட்டு இருக்கற. மானம் போச்சா இல்லியா?"

"இதுக்காகவா?"

"அந்தக் கோயில்லயே கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணிப்போட்டேன். இனி அக்காகூட ஒரு வார்த்தை பேசமாட்டேன், மீறுனா அந்தப் பையனுக்கு ஆகாதுன்னு. உங்கம்மா சும்மா இருப்பாளா? அவளும் அணைச்சா. ஒரே வயித்துல பொறந்தது ரெண்டும். ஊடு வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு பேருக்கும் புத்தி வந்துருச்சு. ஆனா உன்ற தலைமேல பண்ணுன சத்தியம். எப்படி மீறறது?"

மகுடபதி வார்னிஷ் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்புறம் போனு வந்துச்சு," என்றார் மாமா. குரலில் இப்போது ஒரு கள்ளத்தனம் இருந்தது. "பேசக்கூடாதுன்னுதான சத்தியம். மணி அடிக்கக்கூடாதுன்னு இல்லியே. அவ அடிப்பா. நான் கைல வெச்சுட்டுப் பாப்பேன். அக்கான்னு பேரு வரும். முழுசா அடிச்சு ஓயும். அப்புறம் நான் அடிப்பேன், அவ பாப்பா. எடுத்தா சத்தியம் போச்சு. பாதியில கட் பண்ணுனா கோவம். முழுசா அடிக்க உட்டா, நல்லாருக்கறேன், நீ எப்படின்னு அர்த்தம். கிணத்துல கெடக்கற மோட்டாருக்கே மணி போதும் மாப்ள. எங்களுக்குப் பத்தாதா? நீ தெனமும் அடிக்கறப்பவும் அப்படித்தான் முழுசா அடிக்க உட்டேன்."

"அந்த விளம்பரம்..."

"என்ற கொரலாச்சும் அவ காதுல உளுகட்டும்னு பேசி வெச்சது. வெளம்பரம் ஊருக்குப் பொதுவாப் பேசறது, சத்தியத்துல சேராதுன்னு பூசாரிகிட்டயே கேட்டுப்போட்டேன். ஆசுபத்திரியில சேத்திருக்கறாங்கன்னு தெரிஞ்சதும், அன்னைக்குக் கடைசில ஒரு வரி சேத்தேன். எல்லாம் நல்லாயிரும், பயப்படாதீங்கன்னு. அப்புறம் எடுத்துப்போட்டேன்."

காயில் இறங்கிக்கொண்டிருந்த கை நின்றது. முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு மணி பாதியில நின்னுபோச்சு மாப்ள. பாதியில நிறுத்துனா கோவம். அந்த வரி வர்றதுக்குள்ளயே கட் பண்ணிப்போட்டா. என்ன கோவமோ, சொல்லாமயே போயிட்டா. அதைக் கேக்கத்தான் தெனமும் அடிக்கறேன். அவ நம்பருக்குத் தண்டம் ஏறுது, ஏறிட்டுப் போகுது."

வெளியே லாரி ஒன்று போனது. அது போய் முடிகிற வரைக்கும் மகுடபதிக்கு அவகாசம் இருந்தது. தன் விரல் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தியதை அவன் சொல்லியிருக்கலாம். அம்மா வாயெடுத்ததைச் சொல்லியிருக்கலாம்.

"கோவம் இல்லீங்க மாமா," என்றான். "டவர் கோளாறு. அன்னைக்கு அந்த ஆசுபத்திரிப் பக்கம் சிக்னல் அறுந்து அறுந்து போச்சு. அம்மா மறுபடி போடத்தான் பாத்தாங்க. அதுக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"டவரா?"

"ஆமாங்க. எங்க கம்பெனி டவருதான். எங்க தப்பு."

நஞ்சப்பன் அவனையே பார்த்தார். பிறகு எழுந்து, பட்டறை வாசலுக்குப் போய், தெருவில் காறித் துப்பிவிட்டு வந்தார்.

"நாசமாப் போகட்டும் உங்க கம்பெனி."

"ஆமாங்க மாமா."

"எடுக்காதவங்களுக்குத் தண்டம்னு எவனோ ஒரு படுபாவி எழுதியிருக்கறானாம். அவன் கை அழுகட்டும். அவன் கூப்பிடறப்ப ஒரு நாதி எடுக்காம போகட்டும்."

"ஆமாங்க மாமா," என்றான் மகுடபதி. இத்தனை நாள் அவன் அனுபவித்துச் சமைத்த பழி, ஒரு சொட்டுக் குறையாமல் அவன் இலையிலேயே பரிமாறப்பட்டது. அவனும் குனிந்து சாப்பிட்டான்.

"அப்ப கோவம் இல்ல?"

"இல்லீங்க."

"அப்பச் செரி." மாமா மறுபடி மோட்டாருக்குள் கையை விட்டார். "இனி அந்த நம்பருக்கு அடிக்கல. அவ பேர எதுக்குக் கெடுக்கோணும்."

மறுநாள் காலையில் மகுடபதி பார்கவியின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"விதிய எடுத்துடலாங்க மேடம்."

"பிடிச்சுட்டீங்களா அந்த ஆளை?"

"பிடிச்சுட்டனுங்க," என்றான். "இங்கதான் நிக்கறான்."

பார்கவி அவனை ஏற இறங்கப் பார்த்தார். இருவருமாக நிதித் தலைவரிடம் போனார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. எல்லாம் தெளிவாகப் புரிந்திருந்தது. எழுதுவது உங்கள் வேலை, அழிப்பது உங்கள் வேலை இல்லை என்றார். மற்ற நிறுவனங்களும் இதே விதியைக் கேட்டு வரிசையில் நிற்கின்றன என்றார். மகுடபதிக்குப் பதவி உயர்வு வந்திருப்பதாகவும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இனி அவன்தான் விதியைப் போதிக்க வேண்டும் என்றும் சொல்லிக் கை கொடுத்தார்.

"ஒரே ஒரு சிக்கல்தான் வந்திருக்கு," என்றார். "சில பேர் எடுத்துட்டுப் பேசாம இருக்காங்களாம். அவங்களுக்கு ஒரு கட்டணம் யோசிங்க."

வெளியே வந்ததும் பார்கவி சொன்னார், "அந்தச் சில பேர்ல நானும் ஒருத்தி. அவரு கூப்பிட்டா உடனே எடுத்துடறேன். எடுத்து மிக்சி பக்கத்துல வெச்சுட்டுத் தேங்காச் சட்னி அரைக்கறேன். எடுக்கணும்னுதான விதி? நேத்து குக்கர் ஏழு விசில் கேட்டாரு. ஏழுக்கும் என்னைத் திட்டினாரு. எனக்கு ஒண்ணும் காதுல விழல."

அவர் சிரிப்பதை மகுடபதி முதல்முறையாகப் பார்த்தான். கொஞ்சம் பயமாக இருந்தது.

புதியவர்களுக்கான வகுப்பு அந்த வாரக் கடைசியில் நடந்தது. கல்லூரியிலிருந்து நேராக வந்த பிள்ளைகள், கழுத்தில் புது அடையாள அட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மகுடபதி கட்டுப்பாட்டுப் போக்குவரத்து என்றால் என்னவென்று விளக்கினான். விசில் உதாரணம் சொன்னான். பாடத்திட்டத்தில் இருந்ததால், மனித குலத்தின் தலையாய கொடுமை எது என்பதையும் சொன்னான். பிள்ளைகள் முகத்தைச் சுருக்காமல் குறித்துக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

மேசைமேல் இருந்த அவன் போன் அடித்தது. திரையில் மாமா என்று வந்தது.

இத்தனை வருடத்தில் அந்தப் பெயர் அவனைக் கூப்பிட்டது இல்லை. மகுடபதி கையை நீட்டினான். போனைத் தொடுவதற்கு முன் கை நின்றது. மெதுவாக அதை இழுத்து, இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் நெளிந்தாள்.

"சார், போன் அடிக்குது."

"தெரியுதும்மா."

"தெரிஞ்சவங்களா சார்?"

"தாய்மாமா."

"எடுக்கலைங்களா சார்? கட்டணம் ஏறுமே?"

"ஏறட்டும். கொஞ்சம் சத்தம் போடாம இருங்க," என்றான் மகுடபதி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. கட்டணத்துக்கான குறுஞ்செய்தி வந்து விழுந்தது. அதை அவன் படிக்கவில்லை. வகுப்பிடம், "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு, அதே நம்பரைத் திருப்பிப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டான். அந்தப் பக்கத்திலும் யாரும் எடுக்கவில்லை.